தோட்டத்தை விட்டாயிற்று... வலி விட்டதா?

நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் ஆண்டு முழுவதும் ஆளரவம் இல்லாமல் கிடக்கும். ஒரே ஒரு நாள் மட்டும் அங்கே கூட்டம் நிரம்பி வழியும். அதுதான் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நாள். லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பாகாவ் வட்டாரங்களில் எத்தனையோ லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. அங்கே பிறந்து வளர்ந்த மக்கள் இன்று சிரம்பான், செனவாங், நீலாய் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். திருவிழா என்றால் மட்டும் காரிலும் வேனிலும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள்.

அன்றைக்குக் கோயில் நிர்வாகத்தினருக்கு முதலில் தட்டுப்பாடு வருவது எதற்குத் தெரியுமா? அன்னதானச் சோற்றுக்கு அல்ல. பிளாஸ்டிக் நாற்காலிக்கு!

ஒரு காலத்தில் இதே மக்கள் இதே கோயில் வாசலில் பாயை விரித்துச் சம்மணம் போட்டு விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள். இன்று "ஒக்காந்தா எந்திரிக்க முடியாதுப்பா, ஒரு நாற்காலி கொண்டாந்து போடு" என்கிறார்கள். படி ஏற ஒரு கை வேண்டும். இறங்க இரண்டு கை வேண்டும். இரவில் புரண்டு படுத்தால் இடுப்பு விழிக்கிறது, அதோடு ஆளும் விழிக்கிறார்.

வயதாகிவிட்டது, அவ்வளவுதானே என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர்களும் அப்படித்தான் சொல்லிக் கொள்கிறார்கள். வயது ஒரு காரணம்தான். ஆனால், அந்த முதுகும் முழங்காலும் தோளும் என்னென்ன வேலை செய்தன என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தது உண்டா? பார்ப்போம்.

மரம் இறங்க இறங்க முதுகும் இறங்கியது

பால்மரம் வெட்டுவது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியற்காலையில் பெரட்டு முடிந்து, இருட்டு விலகுவதற்கு முன்பே காட்டுக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறாத நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். உளியால் மரத்தைச் சுற்றி அரைவட்டமாக, சரிவாக, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம்; கங்காணியின் ஏச்சு. மேலோட்டமாகப் போனால் பால் வராது, அதற்கும் ஏச்சு.

புதிய மரத்தில் வெட்டு தொடங்கும் இடம் பெரியவர்களின் நெஞ்சு உயரத்தில் இருக்கும். நிமிர்ந்து நின்று வெட்டலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வெட்டப் பட்டை கீழ்நோக்கி இறங்கும். ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஒரு சாண்! இரண்டு மூன்று ஆண்டுகளில் வெட்டு இடுப்புக்கு வந்துவிடும். அதற்கு மேல் அது முழங்காலுக்கும், பிறகு தரைக்குப் பக்கத்திலும் போய்விடும். அந்தக் காலக்கட்டத்தில் வெட்டுபவர் பாதி குனிந்தோ குந்தியோதான் வேலை செய்ய வேண்டும். கீழே பட்டை தீர்ந்ததும் மறுபக்கம் தொடங்கும். அதுவும் தீர்ந்தால், வயதான மரங்களில் நீண்ட கழி உளியைக் கொண்டு மேல்நோக்கி வெட்டுவார்கள். இப்போது முதுகுக்கு ஓய்வு. கழுத்துக்கும் தோளுக்கும் வேலை!

ஒருவருக்குச் சுமார் 500 மரம் என்று வைத்துக் கொள்வோம். மழை நாள், விடுமுறை எல்லாம் கழித்து ஆண்டுக்கு 250 நாள். ஒரு மரத்துக்கு ஒரு முறை குனிந்தாலும் ஆண்டுக்கு 1,25,000 முறை. இருபது ஆண்டுக்கு 25 லட்சம் முறை. இது உளி பிடித்து வெட்டும்போது குனிவது மட்டும். அதற்குப் பிறகு அதே மரங்களுக்குத் திரும்பிப் போய் மங்கிலிருந்து பாலை வாளியில் வழித்து ஊற்ற வேண்டும். அது இன்னொரு 25 லட்சம். இதில் ஒட்டுப்பால் எடுப்பதைச் சேர்க்கவில்லை.

சேர்த்த பாலைத் தூக்குவது அடுத்த வேலை. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. வாளிக்கு 15 லிட்டர் என்றால், காண்டாக் கட்டையின் இரு பக்கமும் சேர்த்து 30 கிலோ ஒரே தோளில் உட்காரும். மேடு பள்ளம், ஈரச் செம்மண், வழுக்கும் சரிவு. இதையெல்லாம் செய்தவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அவர்கள் விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு வந்தவர்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் துணி துவைக்கக் குனிய வேண்டும், விறகு வெட்டக் குனிய வேண்டும். அந்தக் கணக்கை எந்தச் செக்ரோலிலும் யாரும் எழுதவில்லை.

செம்பனை வந்தது, சுமை மாறியது

ரப்பர் விலை சரிந்து, தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது "இனிமேல் இருட்டில் எழுந்து ஓட வேண்டியதில்லை" என்று சிலர் மகிழ்ந்ததுண்டு. ஆனால், முதுகுக்கு அது நல்ல செய்தி அல்ல.

இளம் செம்பனையில் இரும்பு உளியால் குத்திக் குலையைத் தள்ளுவார்கள். மரம் உயர்ந்த பிறகு நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு மட்டையையும் குலையையும் அறுத்து இழுக்க வேண்டும். பத்து மீட்டருக்கு மேல் வளர்ந்த மரம் என்றால் கழியைத் தூக்கி நிறுத்துவதே ஒரு வித்தை. விழும் குலை சராசரியாக 10 முதல் 25 கிலோ இருக்கும். சில குலைகள் அதையும் தாண்டும். அதைத் தரையிலிருந்து கொக்கியால் குத்தித் தூக்கி ஒற்றைச் சக்கர வண்டியில் போட வேண்டும். ஒரு நாளில் ஒரு டன் பழம் வெட்டுகிறவர், குலை 20 கிலோ என்றாலும் ஐம்பது முறை தூக்குகிறார். உதிரிப்பழம் பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள் வேலை. அது முழுக்க முழுக்கக் குனிந்தே செய்யும் வேலை.

நம் நாட்டின் தொழிலியல் பாதுகாப்பு சுகாதார இலாகா 2018இல் சுமை தூக்குவதற்கென்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உடலை ஒட்டி, இடுப்பு உயரத்தில் தூக்கினால் ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ என்பது அதில் உள்ள அளவு. அதே சுமையைத் தரையிலிருந்து தூக்கும்போது அளவு பாதிக்கும் கீழே போய்விடும். ஆண்களுக்கு 10 கிலோ, பெண்களுக்கு 7 கிலோதான். செம்பனைக் குலை தரையில்தான் கிடக்கிறது. மேசை மேல் யாரும் வைத்துக் கொடுப்பதில்லை!

மலேசிய செம்பனை வாரியம் மோட்டார் பொருத்திய 'கந்தாஸ்' என்ற அறுவடைக் கருவியை உருவாக்கியது. அது உயரம் குறைந்த மரங்களுக்கு உதவுகிறது. ஓங்கி வளர்ந்த மரங்களில் இன்றும் கழியும் அரிவாளும் கழுத்தும்தான்.

திருடன் போனபிறகும் குரைக்கும் நாய்

சரி, வேலையை விட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகிவிட்டதே, இன்னும் ஏன் வலிக்கிறது? பலரும் கேட்கும் கேள்வி இது. இங்கேதான் வலியைப் பற்றி மருத்துவ உலகம் அண்மைக் காலத்தில் தெரிந்துகொண்ட ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

வலி ஒரு காவல் நாய் மாதிரி. கையில் முள் குத்தினால் குரைக்கிறது. நாம் கையை எடுத்துவிடுகிறோம், காயம் ஆறுகிறது, நாய் படுத்துவிடுகிறது. இது சாதாரண வலி. மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கும் வலியை, அல்லது விட்டு விட்டுத் திரும்பி வரும் வலியை, நாள்பட்ட வலி என்கிறார்கள். அதில் பல நேரம் திருடன் போன பிறகும் நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்திலிருந்து வலிச் செய்தி போய்க்கொண்டே இருந்தால், தண்டுவடமும் மூளையும் அந்தச் செய்திக்குப் பழகி, சின்ன அசைவைக்கூடப் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. காற்றில் இலை அசைந்தாலும் குரைக்கிற நாய் அது.

இது கற்பனை வலி என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. வலி உண்மை. நரம்பில் நடக்கும் மாற்றமும் உண்மை. 2022இல் நடப்புக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலி தனியொரு நோய் நிலையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. இன்னொரு நோயின் அறிகுறி என்று மட்டும் இனி அதை ஒதுக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு "ஐயோ, எலும்பு தேஞ்சு போச்சாம்" என்று பயந்து படுத்துவிடுகிறவர்கள் பலர். முதுகுவலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பு வட்டுகளில் தேய்மானம் இருந்தது. தலைமுடி நரைப்பதுபோல் அதுவும் ஒரு மாற்றம். படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதாலேயே இனி நடக்கக்கூடாது, அசையக்கூடாது என்று பொருளில்லை.

வலி எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது?

வாழ்க்கைத் தரம் என்றால் வீடு, கார், சம்பளம் என்றுதான் நாம் நினைப்போம். உலக சுகாதார நிறுவனம் அதை அளக்க வைத்திருக்கும் கேள்வித்தாள் உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என நான்கு பக்கமும் பார்க்கிறது. நாள்பட்ட வலி இந்த நான்கிலும் கை வைக்கிறது.

முதலில் தூக்கம் போகும். தூக்கம் போனால் மறுநாள் வலி கூடும். வலி கூடினால் எரிச்சல் வரும். பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறினால் "போ அந்தப் பக்கம்" என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ளிவிட்ட பிறகு தாத்தாவுக்கே மனசு கேட்காது. மூன்றாவது மாடியில் வீடு, மின்தூக்கி இல்லை என்றால் கீழே இறங்குவதே வாரத்துக்கு ஒரு முறை என்றாகிவிடும். தோட்டத்தில் வாசலில் உட்கார்ந்தால் நாலு பேர் பேச வருவார்கள். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் தொலைக்காட்சிதான் துணை. கல்யாணத்துக்குப் போவது குறையும், சாவு வீட்டுக்குப் போவது குறையும், பிறகு கூப்பிடுவதும் குறையும். "அம்மா முன்ன மாதிரி இல்ல, எதுக்கெடுத்தாலும் கோவப்படுது" என்று பிள்ளைகள் சொல்லும்போது, அந்த அம்மா எத்தனை இரவு ஒழுங்காகத் தூங்கவில்லை என்பதை யாரும் கேட்பதில்லை.

இதில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த ஆண்கள் பலர் செனவாங், நீலாய் தொழிற்பேட்டைகளில் பாதுகாவலர் வேலைக்குப் போனார்கள். "சும்மா நிக்கிற வேலைதானே" என்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். போலீஸ்காரர்களும் போக்குவரத்துக் காவலர்களும் முதுகுவலியோடும் முழங்கால் வலியோடும் அல்லாடுவதற்கும் இந்த நிற்பதுதான் ஒரு முக்கியக் காரணம். ஏற்கெனவே 25 லட்சம் முறை குனிந்த இடுப்பு அது. அதைக் கொண்டுபோய் சிமெண்டுத் தரையில் நிற்க வைத்தால் என்ன ஆகும்?

சொல்லாத வலி

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வலியைச் சொல்லமாட்டார்கள். அது வீரம் என்று நினைத்தால் தவறு. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நாள்கூலிக் காலத்தில் பெரட்டுக்குப் போகாவிட்டால் பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் கூலி விழாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் என்றால் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆனால், அந்த விடுப்பு வேண்டுமென்றால் மருத்துவர் முன்போ தோட்டத்து மருந்தகத்திலோ போய் நிற்க வேண்டும். காய்ச்சல் என்றால் உடம்பைத் தொட்டுப் பார்க்கலாம், வெட்டுக்காயம் என்றால் கண்ணால் பார்க்கலாம். இடுப்பு வலியை எப்படிக் காட்டுவது? "வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான்" என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம். இரண்டு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி நிரைக்குள் நுழைந்தவர்கள்தான் அதிகம்.

அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் தினமும் நடக்கும் காட்சி இது. சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடித்த மருத்துவர், "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்கிறார். "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்கிறார் அந்த அம்மா. வெளியே வந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கும்போதுதான் முகம் சுளிக்கிறது. "ஏம்மா, உள்ள சொல்லல?" என்று மகள் கேட்டால், "அவங்களே ஆயிரம் பேரப் பாக்கறாங்க, இதைப்போய் என்னான்னு சொல்றது" என்று பதில் வரும்.

சொல்லாததால் அட்டையில் பதிவில்லை. பதிவில்லாததால் சிகிச்சை இல்லை. இவ்வளவு பேருக்கு இந்த வேலையால் வலி வந்தது என்று கணக்குக் காட்டவும் எதுவும் இல்லை. 2008இல் நம் சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது உயிர்நிலை அடையாளமாக அறிவித்தது. உடல் வெப்பம், நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் கேட்டுப் பதிய வேண்டும் என்பது அதன் நோக்கம். பூஜ்யத்திலிருந்து பத்துவரை எவ்வளவு என்று தாதி கேட்பது அதனால்தான். அப்போது மரியாதைக்காக "ரெண்டு" என்று சொல்லிவிட்டு வருவதில் யாருக்கும் லாபமில்லை.

மாத்திரை தரும் இன்னொரு வலி

மருத்துவரிடம் சொல்லாத வலியைக் கடைக்காரரிடம் சொல்கிறோம். கோடாலித் தைலம் தேய்ப்பதில், உருவி விடுவதில் பெரிய கெடுதல் இல்லை. பொன்ஸ்டான், வோல்டரன் போன்ற மாத்திரைகளைத் தினசரிப் பழக்கமாக்கிக் கொள்வதுதான் ஆபத்து. இந்த வகை வலிநிவாரணிகளை நீண்ட காலம் விழுங்கினால் இரைப்பையில் புண் வரும், இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். அதுவும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இடுப்பு வலிக்குப் போட்ட மாத்திரை, இருக்கிற சர்க்கரையோடு கைகோத்து, ஆளை டயாலிசிஸ் கட்டில் வரைக்கும் கொண்டுபோய்விடும். நீரிழிவால் நரம்பு கெட்டுப் பாதம் எரிவதையும் சிலர் மூட்டுவலி என்று நினைத்து இதே மாத்திரையைப் போடுகிறார்கள். அந்த எரிச்சலுக்கு மருந்தே வேறு.

அதைவிட மோசமானது, பாசார் மாலாமிலும் தெரிந்தவர் மூலமாகவும் வரும் 'மூலிகை' மாத்திரை. போட்ட மறுநாளே வலி பறந்துவிடும். முகம் உப்பிப் பளபளப்பாகும், பசி எடுக்கும். "நல்லா தெளிஞ்சிட்டீங்களே" என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். இப்படிப்பட்ட சரக்குகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அது சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலியவைக்கும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பதிவு செய்யப்பட்ட மருந்தில் 'மால்' என்று தொடங்கும் எண்ணும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டுக் கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சம்சுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உடல் வலிக்கு என்று தொடங்கிக் குடும்பத்தையே வலிக்க வைத்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

என்னதான் செய்வது?

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதன்முறையாக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 2020இல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்ற மதிப்பீடு அதன் பின்னணி. அதில் முன்னே நிற்பவை உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநலச் சிகிச்சை ஆகியவை. இடுப்புக்குப் பெல்ட் கட்டுவது, எடை கட்டி இழுப்பது போன்றவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது. நம் வீடுகளில் கொடியில் தொங்கும் அந்தப் பெல்ட்டைத்தான் சொல்கிறார்கள்!

உடற்பயிற்சி என்றதும் சிரிப்பு வரலாம். ஆயுள் முழுக்க உழைத்தவருக்கு இனி என்ன பயிற்சி? உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பு ஒரே பக்கமாக, ஒரே மாதிரி, ஓய்வில்லாமல் உடலை இழுக்கும். பயிற்சி அந்த இழுப்பைச் சரிசெய்ய, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டப்படுவது. தொடக்கத்தில் ஐந்து நிமிட நடை போதும்.

இங்கே தோட்டத்து மக்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது அல்லவா? வலி குறைந்த நாளில் வீட்டைக் கழுவி, திரையைத் துவைத்து, பூச்செடிக்கு மண் கொத்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அடுத்த மூன்று நாள் படுக்கை. மறுபடி வலி குறைந்ததும் மறுபடி அதே ஓட்டம். வலி நிபுணர்கள் சொல்வது இதற்கு நேர்மாறானது. வலிக்கிறதா இல்லையா என்று பார்த்து வேலை செய்யாமல், மணியைப் பார்த்துச் செய்ய வேண்டும். பத்து நிமிடம் கொத்து, வலிக்காவிட்டாலும் நிறுத்து, ஐந்து நிமிடம் உட்கார். வலிக்கிற நாளிலும் முழுக்கப் படுத்துவிடாமல் சின்ன நடையாவது நட. ஓரிரு வாரம் கழித்துப் பத்து நிமிடம் பன்னிரண்டு ஆகலாம். கேட்க எளிதாக இருக்கும். உட்கார முடியாதவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம்.

இதைக் கற்றுக்கொடுக்கவே செலாயாங் மருத்துவமனையில் 2002இல் 'மெனாங்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. மலாயில் அதற்கு வெற்றி என்று பொருள். டாக்டர் மேரி கார்டோசா இந்தத் துறையில் முன்னோடியாக இருந்தவர். நோயாளிகளைக் குழுவாகச் சேர்த்து இரண்டு வாரம் பயிற்சி. மருத்துவரோடு உடற்பயிற்சி நிபுணரும் உளவியலாளரும் சேர்ந்து நடத்துவார்கள். வலியை முழுவதும் ஒழிப்பது அதன் இலக்கு அல்ல. வலி இருந்தாலும் கடைக்குப் போவது, கோயிலுக்குப் போவது, வேலைக்குத் திரும்புவதுதான் இலக்கு. கிளினிக் மருத்துவரிடம் வலி நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேட்பதில் தவறே இல்லை.

சொக்சோ என்ன செய்யும்?

வேலையில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் வந்த சொக்சோ, விபத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மரத்திலிருந்து மட்டை விழுந்து கை முறிந்தால் மனு செய்கிறார்கள். வேலையால் மெல்ல மெல்ல வரும் தொழில் நோய்களுக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் அட்டையில் பதிவு வேண்டும். 2004ஆம் ஆண்டு விதிமுறைப்படி, தொழில் நோய் என்று மருத்துவர் கருதினால் ஏழு நாளுக்குள் தொழிலியல் பாதுகாப்பு சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். என்ன வேலை என்றே சொல்லாத நோயாளியைப் பற்றி அவர் எதைத் தெரிவிப்பார்?

எந்த வேலையும் செய்து பிழைக்க முடியாத நிலைக்கு உடல் போய்விட்டால், 'இலாட்' எனப்படும் உடல் செயலிழப்பு ஓய்வூதியத்துக்கு மனு செய்யலாம். சந்தாத் தகுதி இருக்க வேண்டும், மருத்துவ வாரியம் பார்க்கும். 60 வயதுக்குள் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். 2013க்கு முன்பு அந்த வரம்பு 55. எழுபது வயதில் நாற்காலி தேடும் பாட்டிக்கு அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இன்னும் குலை வெட்டிக்கொண்டிருக்கும் மகனுக்கு அது திறந்திருக்கிறது.

ஓய்வூதியம் மட்டுமல்ல. 2007 முதல் சொக்சோ 'வேலைக்குத் திரும்புதல்' திட்டத்தை நடத்துகிறது. உடலுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் கொடுத்து, முடிந்தால் பழைய முதலாளியிடமே வேறு வேலைக்கு ஏற்பாடு செய்வார்கள். அதற்கென 2014இல் திறக்கப்பட்ட துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் பக்கத்து மாநிலமான மலாக்காவில்தான் இருக்கிறது. தம்பினிலிருந்து அதிகத் தூரமில்லை.

இன்றைக்கு நெகிரித் தோட்டங்களில் கழியைத் தூக்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 2019 ஜனவரி முதல் அவர்களும் வேலையிட விபத்து, தொழில் நோய்க்கான சொக்சோ பாதுகாப்பின்கீழ் வருகிறார்கள். அவர்களிடமும் அதே பழக்கம்தான், கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது...

வலி எங்கே, எப்போதிலிருந்து, எது செய்தால் கூடுகிறது, இரவில் எத்தனை முறை எழுப்புகிறது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போகலாம். அம்மாவுக்கு எழுத வராது என்றால் மகளோ பேரனோ எழுதிக் கொடுக்கலாம். கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். 'தோட்டத்தில் வேலை' என்று மொட்டையாகச் சொல்லாமல், எத்தனை ஆண்டு பால்மரம் வெட்டினோம், எத்தனை ஆண்டு குலை தூக்கினோம் என்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

இடுப்பு வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்குப் பகுதி மரத்துப்போனாலோ கிளினிக் முறைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும் தள்ளிப்போடக்கூடாது.

மற்றவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கே போதும். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மருத்துவர் "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்கும்போது காகிதத்தை எடுத்து நீட்டினால் சரி.